தெரிந்தாலும் தெரியாது

பாப்பாவுக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. காதோரம் நரைகூட விழுந்துவிட்டது. ஆனாலும் வீட்டில், தெருவில், வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். அவளுக்கு மூத்தவள் ஒருத்தி. இந்தக் கதையிலும் அவளை அக்கா என்றே சொல்லிவிடலாம். பாப்பா ஓயாமல் கூப்பிடுகிற பெயர் அதுதான்.

அக்காவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வில்லையை வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, சட்டத்தில் பொருத்திக் கொடுக்க வேண்டும். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "தங்கச்சியை என்ன பண்றதா உத்தேசம்?" என்று கேட்டு, டீயை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்கள். சில வருடங்களில் அந்த வரத்தும் நின்றுபோயிற்று. அம்மா போன பிறகு அக்காவும் பாப்பாவும் மட்டும்தான்.

பாப்பாவுக்கு எதுவும் மண்டையில் ஏறக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். கூட்டல் கழித்தல் வராது. யாராவது வேகமாகப் பேசினால் பாதியிலேயே தொலைந்துபோய்ச் சிரித்துவைப்பாள். அம்மா இறந்த புதிதில், அக்கா காலையில் வெளியே பூட்டிக்கொண்டுதான் கடைக்குப் போவாள். மதியம் ஓடி வந்து சாப்பாடு போட்டுவிட்டு மறுபடி ஓடுவாள். சாயங்காலம் வந்து விளக்கைப் போட்டால், ஜன்னல் திரைக்குப் பின்னால், காலையில் விட்ட அதே நாற்காலியில், கன்னத்தில் கை வைத்தபடி பாப்பா உட்கார்ந்திருப்பாள். அப்படிச் சில வருடங்கள் போயின. வில்லை தேய்க்கும் இயந்திரத்தின் முன்னால் நிற்கும்போதெல்லாம் அக்காவின் கண்ணில் அந்த நாற்காலிதான் நிற்கும்.

அப்புறம்தான் மையத்தில் இடம் கிடைத்தது. பாப்பா மாதிரியானவர்கள் வேலை செய்வதற்கென்றே நடத்தப்படும் இடம் அது. பிரித்து மாட்டும் மேசை, அலமாரிப் பெட்டிகளுக்குள் சின்னதாக ஒரு திருகாணிப் பொட்டலம் இருக்குமே, அதைத்தான் அங்கே போட்டுக் கொடுத்தார்கள். எண்ணத் தெரிய வேண்டியதில்லை. குழிகள் வெட்டிய தட்டில் குழிக்கு ஒன்றாக வைத்து, எல்லாம் நிறைந்ததும் உறையில் கொட்டி ஒட்ட வேண்டும். பாப்பா அங்கே போய் ஒரே வருடத்தில் ஆளே மாறிவிட்டாள். தனியாக பஸ் ஏறக் கற்றுக்கொண்டாள். பக்கத்தில் உட்காரும், எப்போதும் தொப்பி போட்டிருக்கும் ஒரு மனிதரோடு நாற்காலிக்காகச் சண்டை போட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு எனக்கு முதுகு வலி" என்று வேலைக்குப் போய் வந்தவர்களின் தோரணையில் சலித்துக்கொண்டாள். அந்தச் சலிப்பைக் கேட்க அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

மையத்து சூப்பர்வைசருக்கு ரகசியம் பேச வராது. அவர் குரலைத் தாழ்த்தினால்தான் அடுத்த அறையில் இருப்பவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பார்கள். ஒருநாள் கடை சீக்கிரம் மூடியதால் பாப்பாவை அழைத்துப் போக வந்த அக்காவை வாசலிலேயே மடக்கினார்.

"பாப்பாவுக்கு டெஸ்ட் வருதும்மா. அடுத்த வாரம்."

"போன தடவை எடுத்தாங்களே, அதேதானே சார்?"

"அதேதான். அறிவு எவ்வளவு இருக்குன்னு பாக்கறது. இங்க இருக்க இதுக்குக் கீழதான் இருக்கணும்னு ஒரு கோடு வெச்சிருக்காங்க, போன தடவையே அதுக்கு ஒட்டிதான் கீழ இருந்தா. இப்ப ரொம்பத் தேறிட்டாளே! புதுசா வர்றவங்களுக்கு அவதான் தட்டு பிடிக்கச் சொல்லிக் குடுக்கறா. இப்படி இருக்கறப்ப டெஸ்ட்டை நல்லா பண்ணிட்டாள்னா..." என்று இழுத்து, தெருவைக் காட்டினார்.

"நல்லா பண்ணினா வெளியேவா?"

"மத்த இடத்துல ஃபெயிலானா அனுப்புவாங்க. நம்ம இடத்துல பாஸானா அனுப்புவாங்க. என்னத்தச் சொல்ல!"

"வெளிய யார் சார் இவளுக்கு வேலை குடுப்பா?"

அவர் உள்ளே பார்த்து, "பாப்பா, அக்கா வந்தாச்சு!" என்று கத்தினார்.

பஸ்ஸில் பாப்பா தொப்பிக்காரரைப் பற்றி ஏதோ புகார் சொல்லிக்கொண்டே வந்தாள். அக்கா எதையும் காதில் வாங்கவில்லை. கன்னத்தில் கையும் ஜன்னல் திரையுமாக அந்த நாற்காலி திரும்ப வந்துவிட்டிருந்தது.

அன்று சாயங்காலமே சமையலறை மேசையில் பாடம் ஆரம்பமானது. அக்கா பாப்பாவை எதிரில் உட்கார வைத்தாள்.

"டெஸ்ட் எடுக்க வர்ற மேடம் கேள்வி கேப்பாங்க இல்ல? எதைக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சாலும் தெரியாது."

பாப்பாவுக்கு அது புரிய வெகு நேரம் ஆனது. "அது பொய்" என்றாள். அம்மா இருந்தபோது பொய்க்கு அடி விழும். "பொய் இல்ல, விளையாட்டு" என்றாள் அக்கா.  

"இப்ப நான்தான் மேடம். குடையும் கூரையும் எந்த விதத்துல ஒண்ணு?"

"ரெண்டும் நனைய விடாது!" பாப்பா துள்ளிக்கொண்டு சொன்னாள். சொன்ன பிறகுதான் விளையாட்டு நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இல்ல பாப்பா. தெரியாது சொல்லு."

"ஆனா தெரியுமே."

"தெரிஞ்சா உன்னை சென்டரை விட்டு அனுப்பிடுவாங்க. தொப்பி இருக்க மாட்டாரு, தட்டு இருக்காது. வீட்டுலதான் உக்காந்திருக்கணும். பரவாயில்லையா?"

 பாப்பா மிகவும் மெதுவாக, "தெரியாது" என்றாள்.

"அட, கெட்டிக்காரி!" அக்கா எழுந்து அவள் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தாள்.

பாப்பாவின் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்தபோதே அக்காவுக்குச் சுருக்கென்றது. இவளை இதற்கு முன்பு கெட்டிக்காரி என்று எப்போது சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தாள். 'நல்ல பொண்ணு' என்று சொன்னதுண்டு. 'சமத்து' என்றதும் உண்டு. கெட்டிக்காரி என்றதாக நினைவே இல்லை. ஆனால் பாப்பா ஆவலோடு, "இன்னும் கேளு, இன்னும் கேளு" என்றாள். அக்கா கேட்டாள். வாரம் முழுக்கக் கேட்டாள்.

சோதனை நடந்தது மையத்தின் பின்பக்கத்தில், பழைய சாமான் அறையைக் காலி செய்து போட்ட ஒரு தடுப்பறையில். சோதனை எடுக்க வந்தவர் ஒரு உளவியலாளர், நடுத்தர வயதுப் பெண். சளி பிடித்திருந்ததால் கைக்குட்டையும் கையுமாக இருந்தார். "உங்களை என்னன்னு கூப்பிடட்டும்?" என்று பாப்பாவிடமே கேட்டார். பாப்பா திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையசைத்த பிறகு, "பாப்பா" என்றாள்.

அக்காவை வெளியே உட்காரச் சொன்னார்கள். தடுப்பு அட்டை மெல்லியதாக இருந்தது. உள்ளே மரக்கட்டைகள் மேசையில் உரசும் சத்தம், மேடத்தின் தும்மல், கேள்வி, அதன் பிறகு கணீரென்று பாப்பாவின் குரல்: "தெரியாது." இன்னொரு கேள்வி. "தெரியாது." இடையிடையே குரல் தாழ்ந்து ஏதோ நீளமாகச் சொன்னாள், என்னவென்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. அப்புறம் மறுபடியும் "தெரியாது." ஒவ்வொரு தெரியாதுக்கும் அக்கா கைப்பையின் வாரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். கை சிவந்துபோனது.

கதவு திறந்ததும் பாப்பா முன்னால் வந்தாள். முகமெல்லாம் வியர்வை. அக்காவிடம் வரவில்லை, மேடத்திடமே திரும்பி, "நான் நல்லா பண்ணினேனா?" என்று கேட்டாள்.

"நல்லா ஒத்துழைச்சீங்க பாப்பா" என்றார் அவர். சொல்லும்போது பார்வை அக்காவின் பக்கம் வந்தது. அக்கா குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தாள்.

அந்த வாரம் வீட்டில் இது ஒரு வேடிக்கையாகவே இருந்தது. "உப்பு டப்பா எங்க பாப்பா?" என்றால், கையில் டப்பாவை வைத்துக்கொண்டே "தெரியாது" என்று சிரிப்பாள். அக்காவும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது, தெரியாது நிற்கவில்லை. சட்டையை எப்படி மடிப்பது என்று தெரியாது. குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாது. இன்று என்ன கிழமை என்றால் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தெரியாது. "விளையாட்டு முடிஞ்சு போச்சு பாப்பா" என்று அக்கா இரண்டு மூன்று முறை சொன்னாள். பாப்பா தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, அடுத்த கேள்விக்கு அதையே சொன்னாள்.

கடைக்கு சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது. "என்னம்மா ஆச்சு இவளுக்கு? தட்டு முன்னால சும்மா உக்காந்திருக்கா. குழியில ஆணி வைக்கறது தெரியலங்கறா. அவ சொல்லிக் குடுத்த பொண்ணு இப்ப அவளுக்குச் சொல்லிக் குடுக்குது."

"கொஞ்சம் உடம்பு சரியில்ல சார்" என்றாள் அக்கா. போனை வைத்த பிறகு அவள் தேய்த்த வில்லை ஓரத்தில் உடைந்துபோனது. முதலாளி என்னவென்று கேட்டார். கை தவறிவிட்டது என்றாள்.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, பாப்பா சாயங்காலம் வீட்டுக்கு வரவில்லை. வழக்கமாக வரும் நேரம் தாண்டியும் கதவு தட்டப்படாததால் அக்கா குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். மழை ஊற்றிக்கொண்டிருந்தது. மையத்தின் எதிரே பஸ் நிறுத்தத்தில், கூரைக்கு வெளியே, சொட்டச் சொட்ட நனைந்தபடி பாப்பா நின்றிருந்தாள். அவள் ஏற வேண்டிய பஸ் அவள் முன்னாலேயே வந்து, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போனது. எதிர்ச்சாரியிலிருந்து அக்கா அதைக் கண்ணால் பார்த்தாள்.

"ஏன் ஏறல? நம்ம பஸ்தானே அது?"

"தெரியாது."

"பாப்பா, என்னைப் பாரு. இது நான். உனக்குத் தெரியும்ல?"

பாப்பா சுற்றுமுற்றும் பார்த்தாள். நிறுத்தத்தில் வேறு சிலரும் நின்றிருந்தார்கள். அவள் அக்காவின் காதருகே வந்தாள். "தெரிஞ்சா அனுப்பிடுவாங்க இல்ல?"

"அது டெஸ்ட்டுக்கு மட்டும்தான். இது டெஸ்ட் இல்ல."

"எது டெஸ்ட்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பாப்பா கேட்டதில் எந்தக் குறையும் இல்லை. யார் எப்போது எந்த மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்துக் குறித்துக்கொள்வார்கள் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? ஒன்று தெரியாமல் போனால் இடம் பத்திரம், தெரிந்தால் ஆபத்து என்று அக்காதான் சொல்லியிருந்தாள். பாப்பா அதை எடுத்துக்கொண்டு போய், தன் புத்திக்கு எட்டிய வரை, எல்லா இடத்திலும் ஒழுங்காகப் போட்டுப் பார்த்திருக்கிறாள். சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டாள் என்று அவளைக் குறை சொல்லக்கூட இடமில்லை.

அக்கா குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தாள். வீடு போய்ச் சேரும்வரை தான் நனைவது அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் அக்காவே உளவியலாளரைத் தேடிப் போனாள். அவரும் கூப்பிடத்தான் இருந்தாராம். அலுவலகம் மாடியில் இருந்தது. மேசை மேல் பாப்பா உருட்டிய அதே மரக்கட்டைகள். வரும் வழியெல்லாம் அக்கா ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"நீங்க சொல்றதுக்கு முன்னாடி நான் பாத்ததைச் சொல்லிடறேன்" என்றார் அவர். சளி இன்னும் விடவில்லை. "இதுல கேள்வியெல்லாம் சுலபத்துலேருந்து கஷ்டத்துக்குப் போகும். சாதாரணமா ஆரம்பத்துல எல்லாம் சரியா வரும், அப்புறம் தடுமாறும், அப்புறம் நின்னுடும். உங்க தங்கச்சிக்கு ஆரம்பமே தப்பு. மழைன்னா என்னன்னு தெரியாதாம். ஆனா அதுக்கு ரொம்ப மேல, நான் எதிர்பாக்கவே இல்ல, ரெண்டு மூணு கேள்விக்கு யோசிச்சு, கஷ்டப்பட்டு, சரியான பதில் சொன்னாங்க."

அக்காவுக்குப் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. வீட்டில் அக்கா பயிற்சி கொடுத்தது எல்லாம் பாப்பாவுக்குத் தெரிந்த சுலபமான கேள்விகள்தான். தெரிந்தவற்றுக்குத் தெரியாது என்று சொல்லத்தான் அவள் பழகியிருந்தாள். சட்டென்று பதில் தெரியாத கேள்வி வந்தபோது, அதற்கு விளையாட்டின் விதி செல்லும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. அங்கே அவள் நேர்மையாக, முழு முயற்சியோடு யோசித்திருக்கிறாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் குரல் தாழ்த்தி நீளமாகப் பேசியது அதுதான்.

"நான்தான் மேடம்" என்றாள் அக்கா. "தெரியாதுன்னு சொல்லச் சொல்லிக் குடுத்தேன். ஒரு வாரம் உக்கார வெச்சு." அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. சூப்பர்வைசர் சொன்னது, ஜன்னலோர நாற்காலி, பஸ் நிறுத்தம், மழை. அழாமல்தான் சொன்னாள்.

அவர் கோபப்பட்டிருந்தால் அக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கைக்குட்டையை மடித்து வைத்தார்.

"டெஸ்ட்டுல வர்ற எண்ணை மட்டும் வெச்சு யாரையும் வெளிய அனுப்ப முடியாதுங்க. அறிவுன்னா என்னன்னு எங்க ஆளுங்களுக்குள்ளயே இன்னும் சண்டை தீரல. எல்லாத்துக்கும் அடியில ஓடறது ஒரே சக்திதான்னு ஒரு கட்சி. வார்த்தைக்கு ஒண்ணு, உருவத்துக்கு ஒண்ணு, மனுஷங்களைப் புரிஞ்சுக்க ஒண்ணுன்னு தனித்தனியா இருக்குன்னு இன்னொரு கட்சி. அது எப்படிப் போனாலும் சரி, நாங்க எழுதற எண்ணு ஒரு இடத்துல நிக்காது. ஒரே ஆளுக்கு இன்னைக்கு எடுத்தா கொஞ்சம் மேல, நாளைக்கு எடுத்தா கொஞ்சம் கீழ. உங்க சூப்பர்வைசர் சொன்ன கோடு அந்தக் கொஞ்சத்துக்குள்ளதான் இருக்கு. அதனாலதான் ஆளு வீட்டுலயும் வெளியிலயும் தானா என்ன செய்யறாங்கன்னும் சேர்த்துப் பாக்கணும்னு விதியே இருக்கு."

"அப்ப நான் சொல்லிக் குடுத்திருக்கவே வேண்டாமா?"

"வேண்டாம்."

அக்கா ஒரு மரக்கட்டையை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தாள்.

"வீட்டுல என்ன செய்யறாங்கங்கற அந்த இன்னொரு பாதியை இப்பவே கேட்டுடட்டுமா?" என்றார் அவர். "வீட்டுல அவங்க அடுப்பு பத்த வைப்பாங்களா?"

"மாட்டா மேடம்."

"தெரியாதா, நீங்க விடறதில்லையா?"

"சுட்டுக்குவாளோன்னு..."

"விட்டுப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"தனியா கடைக்குப் போய் ஏதாவது வாங்கிட்டு வருவாங்களா?"

"ஏமாத்திடுவாங்க மேடம்."

"அனுப்பிப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

தலைவாரிக்கொள்வது, துணி எடுத்து உடுத்திக்கொள்வது, போனில் பேசுவது, ராத்திரி கதவைத் தாழ் போடுவது என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்பது போலத்தான் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அக்காவின் பதில் கடைசியில் இல்லை என்ற இடத்தில் வந்து நின்றது. பஸ் ஏறக்கூட மையத்தில்தான் கற்றுக்கொடுத்தார்கள். அன்றைக்கு அக்கா வேண்டாமென்று சண்டை போட்டிருந்தாள். அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தெரியாது என்பதை இந்த ஒரு வாரத்தில்தான் சொல்லிக் கொடுத்தோமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாப்பா கரண்டியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் 'விடு, நான் பாத்துக்கறேன்' என்று பிடுங்கிய கை அவளுடையதுதான். அதைப் பாசம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள். அந்தப் பாசத்தைக் காரணம் காட்டித்தான் அவள் வந்த வரன்கள் போனதைப் பொறுத்துக்கொண்டாள். பாப்பாவுக்குத் தான் இல்லாமல் முடியாது என்பது இல்லாமல் போனால், இத்தனை வருடத்துக்கு அவளிடம் என்ன கணக்கு இருக்கும்? இதை அவள் உளவியலாளரிடம் சொல்லவில்லை. 

இதே கேள்விகளை உடனே திரும்பக் கேட்க முடியாது, கேட்டாலும் விடைக்கு மதிப்பிருக்காது, சில மாதம் விட்டு வேறு கேள்வித்தொகுதியால் எடுக்கிறேன், அதுவரை இடம் எங்கேயும் போகாது என்று அவர் சொல்லியிருந்தார். அக்கா வீட்டுக்கு வந்து பாப்பாவை அதே சமையலறை மேசையில் உட்கார வைத்தாள்.

"பாப்பா, அக்கா ஒரு தப்பு பண்ணிட்டேன். தெரியாதுன்னு சொல்லச் சொன்னது தப்பு. இனிமே தெரிஞ்சா தெரியும்னே சொல்லு. யாரும் உன்னை அனுப்ப மாட்டாங்க. மேடமே சொன்னாங்க."

பாப்பா அவளையே பார்த்தாள். முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது.

"அப்ப நான் கெட்டிக்காரி இல்லையா?"

அக்கா எழுந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ கெட்டிக்காரிதான். முன்னாடியும் கெட்டிக்காரிதான்" என்றாள்.

"முன்னாடி நீ சொல்லலையே" என்றாள் பாப்பா.

அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாப்பா கொஞ்ச நேரம் பிடிக்க விட்டாள். பிறகு, "டிவி பாக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

அதற்கப்புறம் வந்த மாதங்கள் சீராகப் போகவில்லை. பாப்பா முதல் முறை அடுப்பைப் பற்ற வைத்தபோது பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அக்காவின் கை தானாகவே முன்னால் போயிற்று. அதை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பாப்பா துணியால் துடைத்தாள், பாதி தரையில் வழிந்தது. கடைக்கு அனுப்பினாள், சோப்பு வாங்கப் போனவள் துடைப்பத்தோடு வந்து, "இது நல்லா இருந்துச்சு" என்றாள். ஒருநாள் கையில் லேசாகச் சுட்டுக்கொண்டாள். அன்றைக்கு அக்கா எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா என்று நினைத்தாள். பாப்பாவோ கொப்புளத்தை மையத்தில் எல்லோருக்கும் காட்டி, "சமையல் பண்ணும்போது ஆச்சு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். தொப்பிக்காரர் ரொம்ப நேரம் அதையே பார்த்தாராம்.

தட்டில் ஆணி வைப்பது திரும்ப வந்தது. பஸ் ஏறுவதும் திரும்ப வந்தது; ஆனால் ஒரு வாரத்துக்கு அக்கா பின்னால் வேறு இருக்கையில் உட்கார்ந்து, தெரியாதவள் போல வந்தாள். பாப்பா திரும்பித் திரும்பிப் பார்த்துக் கையாட்டியதால் அந்த நடிப்பு யாரையும் ஏமாற்றவில்லை.

மறு சோதனைக்கு அக்கா அவளை வாசலில் விட்டுவிட்டுத் தெருமுனைக்குப் போய்விட்டாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார அவளுக்குத் தைரியம் இல்லை. முடிவைச் சொல்லும்போது உளவியலாளர் எண் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள் அக்கா. "சரியா அந்தக் கோட்டு மேலயே நிக்கறாங்க" என்று மட்டும் சொன்னார் அவர். வாரத்தில் பாதி நாள் மையம், மீதி நாள் ஒரு முதியோர் இல்லத்தின் துணி அறையில் விரிப்பு மடிக்கும் வேலை, சரிப்படுகிறதா என்று பார்க்கலாம் என்று முடிவாயிற்று. பாப்பாவிடமும் கேட்டார்கள். "தொப்பி அங்க வருவாரா?" என்று கேட்டாள். வர மாட்டார் என்றதும், "அப்ப நாற்காலி எனக்குத்தான்" என்றாள்.

துணி அறை வேலை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. அங்கே நடப்பதை எல்லாம் முன்பு போல வீட்டில் வந்து ஒப்பிக்கவில்லை. அக்கா கேட்டால் சிலதைச் சொன்னாள், சிலதுக்கு, "அது வேலை விஷயம்" என்றாள். நல்லதுதான் என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆனால் ஒன்று மட்டும் போகவில்லை. அக்கா பக்கத்தில் இருக்கும்போது யாராவது எதையாவது கேட்டால், பாப்பா முதலில் அக்காவின் முகத்தைத்தான் பார்ப்பாள். பெயர் என்ன என்று கேட்டால்கூட. ஒரு நொடிதான், வேறு யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு அது ஒவ்வொரு தடவையும் ஊசி குத்துவது போல இருக்கும். அதனால் அவள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். யாராவது பாப்பாவிடம் பேச ஆரம்பித்தால் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். கைப்பையைத் துழாவுவாள். தன் முகம் இல்லாமல் போனால் பாப்பா தானாகவே பதில் சொல்லப் பழகிவிடுவாள் என்று அவள் நம்பினாள்.

ஒரு விடுமுறை நாளில் இருவரும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள். முன் இருக்கையில் ஊருக்குப் புதிதான ஒரு பெண், மடியில் குழந்தையோடு, திரும்பிப் பாப்பாவிடம் கேட்டாள்: "முதியோர் இல்லத்துக்கு எந்த ஸ்டாப்ல இறங்கணும்ங்க?"

பாப்பா துணி அறை வேலைக்கு இறங்குகிற இடம். அக்கா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே ஒரு ஆள் ஏணி மேல் நின்று சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். அக்கா அவனையே பார்த்தாள். பின்னால் சத்தமே இல்லை. அந்தப் பெண் இன்னொரு முறை கேட்டாள். பிறகு எழுந்துபோய் டிரைவரிடம் விசாரித்து, அடுத்த நிறுத்தத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

பஸ் கிளம்பிய பிறகு பாப்பா, "இதுதான் அந்த ஸ்டாப். எனக்குத் தெரியும்" என்றாள்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ என்னைப் பாக்கவே இல்லையே. சொல்லலாமா வேண்டாமான்னு எப்படித் தெரியும்?"

இத்தனை மாதமாக அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டதை எல்லாம் பாப்பா சொல்ல வேண்டாம் என்றே படித்திருக்கிறாள்.

"இனிமே நான் பாத்தாலும் சொல்லு, பாக்கலன்னாலும் சொல்லு" என்றாள்.

"சரி" என்றாள் பாப்பா.

சொல்லிவிட்டு, தான் சொன்னது சரிதானா என்று அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா இந்தத் தடவை திரும்பிக்கொள்ளவில்லை. என்ன முகம் வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. அப்படியே அவளைப் பார்த்துக்கொண்டு, இறங்கும் இடம் வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.